பழைய காரில் ஃபியூஸ் பெட்டியை மாற்றி வயரிங் செய்வது: முழுமையான வழிகாட்டி

முப்பது நாற்பது ஆண்டுகள் ஓடிய காரில் ஹெட்லைட் மங்கலாக எரிவதும், மழை வலுக்கும் நேரத்தில் வைப்பர் தயங்கித் தயங்கி நகர்வதும், ஹார்னின் குரல் கம்மிப்போவதும் வழக்கமான குறைகள். பல்பையும் மோட்டாரையும் மாற்றிப் பார்த்துச் சலித்த பிறகுதான் பலரும் ஃபியூஸ் பெட்டியின் பக்கம் வருகிறார்கள். திறந்து பார்த்தால் ஃபியூஸ்கள் எல்லாம் நல்ல நிலையில் இருக்கும். கிளிப்புகளை உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கிய பிறகும் குறை தீராது. ஏனெனில் பழைய பெட்டிகளில் முன்புறத்துக் கிளிப்பும் பின்புறத்தில் வயர் செருகும் தகடும் ஒரே துண்டு அல்ல. இரண்டையும் ஒரு சிறிய ரிவெட் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஈரமும் சூடும் மாறி மாறிப் பட்டு அந்த ரிவெட்டுக்கு அடியில் களிம்பு ஏறிவிடுகிறது. அங்கே எந்த உப்புத்தாளும் நுழையாது.

அந்தக் களிம்பின் மின்தடை வெறும் 0.05 ஓம் என்று வைத்துக்கொண்டாலும், 10 ஆம்பியர் மின்னோட்டம் அதன் வழியே செல்லும்போது அரை வோல்ட் அங்கேயே தொலைந்துபோகிறது. கூடவே 5 வாட் வெப்பமும் உண்டாகிறது. ஒரு பார்க்கிங் பல்பு இழுக்கும் அதே 5 வாட், கடுகளவு இடத்தில், காற்றோட்டமில்லாத பிளாஸ்டிக்குக்கு நடுவே. பெட்டியின் பின்பக்கம் பழுத்து, உருகி, நெளிந்து போவது இதனால்தான்.

பெட்டியை மாற்றத்தான் வேண்டுமா

வேலையில் இறங்கும் முன் இதை அளந்து உறுதி செய்துகொள்வது நல்லது. மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, சம்பந்தப்பட்ட விளக்கையோ மோட்டாரையோ ஓடவிட்டு, ஒரு முனையைப் பெட்டிக்குள் வரும் வயரின் டெர்மினலிலும் (வயரின் நுனியில் உள்ள உலோக இணைப்பு) மறு முனையை வெளியே செல்லும் வயரின் டெர்மினலிலும் வைக்க வேண்டும். லோடு ஓடாமல் அளந்தால் இந்தச் சோதனைக்கு அர்த்தமே இல்லை. 0.2 வோல்ட்டுக்குள் காட்டினால் பெட்டியின் மேல் பழி போடாமல் எர்த் இணைப்புகளையும் சுவிட்சையும் பார்க்கலாம். அதற்கு மேல் காட்டினால், வயர் டெர்மினலிலிருந்து கிளிப் வரை ஒருமுறையும், கிளிப்பிலிருந்து ஃபியூஸின் உலோக மூடி வரை ஒருமுறையும் தனித்தனியாக அளக்க வேண்டும். இழப்பு கிளிப்புக்கும் மூடிக்கும் நடுவில் இருந்தால் சுத்தம் செய்து கிளிப்பைச் சற்று நெருக்கினால் போதும். கிளிப்புக்கும் டெர்மினலுக்கும் நடுவில் இருந்தால் அது ரிவெட்டின் வேலை; பெட்டியை மாற்றுவதே நிரந்தரத் தீர்வு.

வரைபடம் முதலில், கட்டர் பிறகு

இந்த வேலையில் பாதிக்கு மேல் காகிதத்தில் முடிகிற வேலை. அதைத் தவிர்த்துவிட்டு வயர்களைக் கழற்றியவர்கள், ஒரு மாலையில் முடிய வேண்டியதை இரண்டு வாரம் இழுத்திருக்கிறார்கள்.

பெட்டிக்குள் வரும் மின்சாரம் ஒரே வகையானது அல்ல என்பதை முதலில் மனத்தில் பதிக்க வேண்டும். ஒன்று, சாவி இருந்தாலும் இல்லாவிட்டாலும் பேட்டரியிலிருந்து எப்போதும் வந்துகொண்டிருப்பது. ஹார்ன், உள்விளக்கு போன்றவை பெரும்பாலும் இதில் ஓடும். மற்றொன்று, இக்னிஷன் சாவியைத் திருப்பினால் மட்டும் வருவது. வைப்பர், இண்டிகேட்டர், அளவுமானிகள் ஆகியவை வழக்கமாக இதில் இருக்கும். மூன்றாவதாக, லைட் சுவிட்ச் வழியாக வரும் பார்க்கிங் விளக்கு வயரும் சில பெட்டிகளில் தனியாக நுழையும். லூகாஸ் என்ற பிரிட்டிஷ் மின்பாக நிறுவனத்தின் வண்ண முறையைப் பின்பற்றிய கார்களில் பழுப்பு நிற வயர் பேட்டரியிலிருந்து ஃபியூஸ் இல்லாமல் வருவது. அது ஃபியூஸைத் தாண்டியதும் ஊதா நிறமாகிறது. வெள்ளை நிறம் இக்னிஷனிலிருந்து வருவது. அது ஃபியூஸைத் தாண்டியதும் பச்சையாகிறது. நான்கு முனை கொண்ட அந்தப் பழைய பெட்டியில் இவை முறையே ஏ1, ஏ2, ஏ3, ஏ4 என்று குறிக்கப்பட்டிருக்கும். ஜெர்மானிய எண் முறையில் 30 என்பது எப்போதும் உள்ள மின்சாரம், 15 என்பது இக்னிஷன், 31 என்பது எர்த், 58 என்பது பார்க்கிங் விளக்கு. இந்த எண்கள் சுவிட்சிலும் ரிலேயிலும் பொறிக்கப்பட்டிருப்பதால், வயரின் நிறம் வெளுத்துப்போன காரிலும் பிடிமானம் கிடைக்கும்.

நிறத்தை மட்டும் நம்பிவிடவும் கூடாது. இத்தனை ஆண்டுகளில் யார் யாரோ கை வைத்த வண்டி அது. கையில் கிடைத்த வயரைப் போட்டுவிட்டுப் போயிருப்பார்கள். எனவே ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, டெஸ்ட் லாம்ப்பின் ஒரு முனையை நல்ல எர்த்தில் பிடித்து, மறு முனையால் இரு பக்கக் கிளிப்புகளையும் தொட்டுப் பார்க்க வேண்டும். சாவி இல்லாமலே எரிந்தால் அந்தப் பக்கம் பேட்டரி வரவு. சாவியைத் திருப்பியதும் எரிந்தால் இக்னிஷன் வரவு. லைட் சுவிட்சைப் போட்டதும் எரிந்தால் விளக்கு வரவு. எதற்கும் எரியாத பக்கம் லோடுக்குச் செல்வது. பிறகு அந்த ஃபியூஸ் இல்லாதபோது காரில் என்னென்ன வேலை செய்யவில்லை என்று ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டுப் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். வயரின் நிறம், அதன் தடிமன், எந்தப் பக்கம், எப்போது மின்சாரம் வருகிறது, எதை ஓட்டுகிறது, எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்ற ஆறு விவரங்களும் ஒவ்வொரு வயருக்கும் எழுதப்பட்டிருந்தால் வரைபடம் முழுமை பெற்றது.

ஒவ்வொரு வயரிலும் எண் எழுதிய சிட்டையைக் கட்டுங்கள். சாதாரணக் காகித டேப் எண்ணெய்க் கையில் பட்டதும் கழன்று விழும். துணி டேப்பைக் கொடிபோல் மடித்து ஒட்டினால் நிற்கும். வயரின் நுனியிலிருந்து ஒரு சாண் உள்ளே தள்ளி ஒட்டுவது முக்கியம், ஏனெனில் நுனியை எப்படியும் வெட்டப் போகிறோம். கைபேசியில் படம் எடுத்துக்கொள்வதும் உதவும்தான். ஆனால் கட்டுக்கட்டாக இருக்கும் வயர்களில் எது எதற்குப் பின்னால் போகிறது என்பதைப் படம் சொல்லாது.

எந்தப் பெட்டியை வாங்குவது

தகடு வடிவ ஃபியூஸ்கள் 1976ஆம் ஆண்டில் சந்தைக்கு வந்தவை. கண்ணாடிக் குழாய் ஃபியூஸும் பீங்கான் ஃபியூஸும் முனைகளில் மட்டும் கிளிப்பைத் தொட்டு நிற்க, இது இரண்டு இறுக்கமான வாய்களுக்குள் அகலமாகச் செருகிக்கொள்வதால் அதிர்வுக்கு அசையாது. நிறமும் எல்லா இடத்திலும் ஒன்றுதான்: 5 ஆம்பியர் இளம்பழுப்பு, 7.5 அடர்பழுப்பு, 10 சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 25 நிறமற்றது, 30 பச்சை. புதிய பெட்டி இந்த வகையாக இருப்பதே நல்லது; அசல் தோற்றம் குலையக் கூடாது என்று நினைப்பவர்கள் பழைய பெட்டியை வெறும் அலங்காரமாக அதன் இடத்திலேயே விட்டுவிட்டு, புதியதை டாஷ்போர்டுக்கு அடியில் மறைவாகப் பொருத்திக்கொள்ளலாம்.

விற்பனையில் உள்ள பெட்டிகள் இரண்டு வகை. ஒன்றில் எல்லா ஃபியூஸ்களின் வரவுப் பக்கமும் உள்ளே ஒரே செம்புப் பட்டையில் இணைந்திருக்கும். ஒரு தடித்த வயர் கொடுத்தால் போதும். மற்றதில் ஒவ்வொரு ஃபியூஸுக்கும் வரவும் செலவும் தனித்தனி. முதல் வகையைப் பார்த்தவுடன் வேலை சுலபம் என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. முதன்முதலில் இந்த வேலையைச் செய்தபோது ஒற்றைப் பட்டைப் பெட்டியை வாங்கி, பேட்டரி வரவையும் இக்னிஷன் வரவையும் அதே பட்டையில் இணைத்துவிட்டேன். எல்லாம் அருமையாக எரிந்தது, அடித்தது, சுழன்றது. எஞ்சினை நிறுத்தச் சாவியைத் திருப்பி வெளியே எடுத்தேன். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. சாவி என் உள்ளங்கையில் இருக்கிறது, முன்னால் வண்டி குலுங்கிக்கொண்டிருக்கிறது. பேட்டரியின் மின்சாரம் பட்டை வழியாக இக்னிஷன் வயருக்குள் பின்வழியாக ஏறி, சுவிட்சைத் தொடாமலே, ஸ்பார்க் பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் காயிலுக்குப் போய்க்கொண்டிருந்தது. கியரில் போட்டு, பிரேக்கை மிதித்து, கிளட்சை விட்டு எஞ்சினை அணைத்தேன். அணைந்த பிறகும் காயிலுக்கு மின்சாரம் நிற்கவில்லை. காயிலின் மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் பாயிண்ட்டுகள் மூடிய நிலையில் நின்றிருந்தால் காயில் சூடேறிக் கெட்டிருக்கும். ஆகவே தனித்தனி வரவு உள்ள பெட்டியையோ, இரண்டு தனிப் பட்டைகள் கொண்ட பெட்டியையோ வாங்குங்கள். ஒரே வகை வரவு தேவைப்படும் ஃபியூஸ்களுக்கு மட்டும் சிறு இணைப்பு வயரால் பாலம் போட்டுக்கொள்ளலாம்.

இப்போதுள்ள சர்க்யூட்டுகளைவிட இரண்டு மூன்று இடம் கூடுதலாக உள்ள பெட்டி நல்லது. பல பழைய கார்களில் ஹெட்லைட்டுக்கு ஃபியூஸே கிடையாது. அதைச் சேர்ப்பதாக இருந்தால் இடது, வலது விளக்குகளுக்குத் தனித்தனி ஃபியூஸ் வையுங்கள். ஒன்று போனாலும் இருட்டில் நட்டநடு வழியில் பார்வையற்றுப் போக வேண்டியிருக்காது.

ஆம்பியர் கணக்கு

ஃபியூஸ் இருப்பது வயரைக் காப்பதற்கே, பல்பையோ மோட்டாரையோ காப்பதற்கு அல்ல. எனவே அதன் அளவை அந்த வழியில் உள்ள மிக மெல்லிய வயர்தான் தீர்மானிக்க வேண்டும். சாதாரண பிவிசி உறை கொண்ட வயரில் 1 சதுர மில்லிமீட்டர் செம்பு சுமார் 8 முதல் 9 ஆம்பியரையும், 2 சதுர மில்லிமீட்டர் சுமார் 17 ஆம்பியரையும், 3 சதுர மில்லிமீட்டர் சுமார் 25 ஆம்பியரையும் தொடர்ந்து தாங்கும். இவற்றுக்கு முறையே 7.5, 15, 20 என்று ஃபியூஸ் வைத்தால் அச்சமில்லை. லோடு என்பது ஃபியூஸ் அளவில் முக்கால் பங்கைத் தாண்டாமல் இருக்க வேண்டும். தாண்டினால் ஃபியூஸைப் பெரிதாக்குவது தீர்வாகாது, வயரையும் சேர்த்துத் தடிமனாக்க வேண்டும்.

லோடைக் கண்டறிய வாட்டை வோல்ட்டால் வகுத்தால் போதும். 55 வாட் ஹெட்லைட் பல்பு 12 வோல்ட்டில் சுமார் 4.6 ஆம்பியர், 21 வாட் பிரேக் விளக்கு 1.75 ஆம்பியர், 5 வாட் பார்க்கிங் பல்பு அரை ஆம்பியருக்கும் குறைவு. 6 வோல்ட் கார் என்றால் அதே வாட்டுக்கு மின்னோட்டம் இரு மடங்கு என்பதை மறந்துவிடக் கூடாது. மோட்டார்களுக்கு வாட் எழுதியிருக்காது. ஃபியூஸ் இருந்த இடத்தில் மல்டிமீட்டரை 10 ஆம்பியர் அளவில் வைத்து ஓடவிட்டுப் பார்க்கலாம். ஹார்னுக்கு மட்டும் இப்படிச் செய்ய வேண்டாம், மீட்டரின் சொந்த ஃபியூஸ் போய்விடக்கூடும்.

பழைய ஃபியூஸில் எழுதியிருக்கும் எண்ணை அப்படியே புதிய பெட்டிக்குக் கொண்டுவருவதில் ஒரு பெரிய பொறி உண்டு. லூகாஸ் கண்ணாடி ஃபியூஸில் 35 என்று இருந்தால், அது உருகிப்போகும் அளவு; தொடர்ந்து தாங்குவது அதில் பாதியான 17 ஆம்பியரே. அந்த இடத்தில் 30 அல்லது 35 ஆம்பியர் தகடு ஃபியூஸைச் செருகினால் முதலில் உருகுவது வயராகத்தான் இருக்கும். 15 ஆம்பியர் சரியான மாற்று. பீங்கான் ஃபியூஸ்களில் இந்தக் குழப்பம் இல்லை. வெள்ளை நிற 8 ஆம்பியருக்கு 7.5, சிவப்பு நிற 16 ஆம்பியருக்கு 15, நீல நிற 25 ஆம்பியருக்கு 25 என்று வைத்துக்கொள்ளலாம்.

கழற்றுதலும் பொருத்துதலும்

மோதிரத்தையும் உலோகக் கடிகாரத்தையும் கழற்றி வைத்துவிட்டு, பேட்டரியில் எர்த் பக்கத்தை முதலில் கழற்றுங்கள். மற்ற பக்கத்தில் ஸ்பேனரை வைத்திருக்கும்போது அது பாடியில் பட்டால் நேரடி ஷார்ட் ஆகும் என்பதே காரணம். எர்த் பக்கம் என்றால் எப்போதும் நெகட்டிவ்தான் என்று எண்ண வேண்டாம். 1960களின் பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு இணைந்திருக்கும். தடித்த கேபிள் எந்த முனையிலிருந்து பாடிக்குப் போகிறது என்று கண்ணால் பார்த்து முடிவு செய்யுங்கள்.

புதிய பெட்டிக்கான இடம் பழையதற்குப் பக்கத்திலேயே இருந்தால் வயர்களை நீட்ட வேண்டியிருக்காது. கண்ணாடி ரப்பர் வழியே நீர் கசியும் இடத்தையும், எக்ஸாஸ்ட்டின் சூடு ஏறும் தகட்டையும் தவிர்க்க வேண்டும். வயர்கள் கீழிருந்து மேலேறி நுழையும்படி பெட்டியைத் திருப்பிப் பொருத்தினால், வயர் வழியே வழியும் தண்ணீர் டெர்மினலை எட்டாமல் வளைவிலேயே சொட்டிவிடும். துளை போடும் முன் தகட்டின் மறுபக்கம் கையை விட்டுத் தடவிப் பார்த்துவிடுங்கள். பிரேக் குழாயும் வயர் கட்டும் அங்கேதான் ஓடும்.

பிறகு வயர்களை ஒவ்வொன்றாக, ஒன்று முழுமையாக முடிந்த பிறகே அடுத்ததை, பழைய பெட்டியிலிருந்து புதியதற்கு மாற்ற வேண்டும். எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கழற்றிப் போடாதீர்கள்.

கிரிம்பிங்

கிரிம்பிங் என்பது டெர்மினலை வயரின் நுனியில் அழுத்திப் பிடிக்கவைப்பது. நல்ல பெட்டியும் மோசமான கிரிம்பும் சேர்ந்தால், பழைய ரிவெட்டின் கதை மீண்டும் தொடங்கும். பழைய டெர்மினலை வெட்டி எறிந்துவிட்டு, வயரின் உறையை 6 மில்லிமீட்டர் அளவுக்கு உரித்துப் பாருங்கள். உள்ளே செம்பு புதுக் காசுபோல் மின்ன வேண்டும். கறுத்தோ பச்சை படிந்தோ இருந்தால் இன்னும் இரண்டு சென்டிமீட்டர் வெட்டி மறுபடி உரியுங்கள். நல்ல செம்பு வரும்வரை வெட்டத்தான் வேண்டும். நீளம் போதாமல் போனால் அதே தடிமனுள்ள வயரால் நீட்டலாம், ஆனால் எல்லா இணைப்புகளும் ஒரே இடத்தில் குவியாமல் முன்னும் பின்னுமாக அமையட்டும்.

6.3 மில்லிமீட்டர் அகலமுள்ள, காது திறந்த டெர்மினல்கள் இதற்கு ஏற்றவை. முன் காதுகள் செம்பையும் பின் காதுகள் உறையையும் பிடிக்க வேண்டும். அதற்குரிய பிளையரால் சரியாக அழுத்தினால் முன் காதுகள் இரண்டும் உள்நோக்கிச் சுருண்டு, செம்பு இழைகளைப் பிளந்துகொண்டு நடுவில் இறங்கியிருக்கும். இழைகளுக்கு இடையே இடைவெளி தெரியாது. முன்புறம் இழைகளின் நுனி ஒரு மில்லிமீட்டர் எட்டிப் பார்க்கும். சாதாரணப் பிளையரால் நசுக்கினால் காதுகள் மேலே படுத்துக்கொள்ளுமே தவிர உள்ளே இறங்காது. ஒவ்வொன்றையும் கையால் பலமாக இழுத்துப் பாருங்கள். கழன்று வந்தால் இப்போதே வரட்டும்.

ஈயம் வைத்துப் பற்றவைத்தால் இன்னும் உறுதி என்ற எண்ணம் பரவலாக உண்டு. நான் அந்தப் பக்கம் இல்லை. ஈயம் இழைகளுக்குள் ஊறி ஏறி நிற்கும் இடத்தில் வயர் கம்பிபோல் விறைத்துவிடுகிறது, அதிர்வில் சரியாக அந்த எல்லையில்தான் ஒடிகிறது. திருகி இறுக்கும் டெர்மினலுக்கு ஈயம் தோய்ந்த நுனி இன்னும் மோசம். ஈயம் நாளடைவில் அமுங்கிக் கொடுத்து திருகு தளர்ந்துவிடும். பழைய பெட்டியில் ஒரே டெர்மினலில் இரண்டு வயர்கள் சேர்ந்திருந்தால், கூடுதல் இடங்களைப் பயன்படுத்தி அவற்றைத் தனி ஃபியூஸ்களுக்குப் பிரித்துவிடுங்கள்.

பேட்டரியிலிருந்து வரும் முதன்மை வயர் பழையதாக, மெல்லியதாக இருந்தால் 6 சதுர மில்லிமீட்டர் வயர் புதிதாகப் போட்டு, பேட்டரியிலிருந்து ஒரு முழத்துக்குள் 40 ஆம்பியர் முதன்மை ஃபியூஸ் ஒன்றை வைக்க வேண்டும். இது இல்லாவிட்டால் பேட்டரிக்கும் பெட்டிக்கும் நடுவே உள்ள வயருக்குக் காவலே கிடையாது. எஞ்சின் அறைக்கும் காரின் உட்புறத்துக்கும் நடுவிலுள்ள தடுப்புத் தகட்டை வயர் கடக்கும் துளையில் ரப்பர் வளையம் கட்டாயம். டாஷ்போர்டில் அம்மீட்டர் (பேட்டரி சார்ஜ் ஆகிறதா, செலவாகிறதா என்று காட்டும் மானி) உள்ள காராக இருந்தால் வரவை அம்மீட்டரைத் தாண்டிய பக்கத்திலிருந்து எடுக்க வேண்டும். பேட்டரி முனையிலிருந்து நேராக எடுத்தால், விளக்குகள் இழுக்கும் மின்னோட்டத்தையெல்லாம் பேட்டரி சார்ஜ் ஆவதாக அது காட்டும்.

முதல்முறை மின்சாரம் கொடுப்பது

எல்லாம் பொருத்தியாயிற்று என்று பேட்டரியை நேரடியாக இணைத்துவிடாதீர்கள். எல்லா ஃபியூஸ்களையும் கழற்றி, சுவிட்சுகளை அணைத்து, கதவுகளை மூடி, பேட்டரியின் எர்த் முனைக்கும் கழற்றிய எர்த் கேபிளுக்கும் நடுவே ஒரு 21 வாட் பல்பை இணைக்க வேண்டும். எங்கேயாவது ஷார்ட் இருந்தால் வயர் எரிவதற்குப் பதிலாகப் பல்பு முழுப் பிரகாசத்தோடு எரியும். அதற்கு மேல் மின்னோட்டம் போகாது. பல்பு எரியவில்லை என்றால் பேட்டரி வரவில் உள்ள ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகச் செருகிப் பாருங்கள். எந்த ஃபியூஸைச் செருகும்போது பல்பு பளிச்சென்று எரிகிறதோ அந்த வழியில்தான் கோளாறு. கடிகாரம் இருக்கும் காரில் இழை லேசாகச் சிவப்பது இயல்பு. அடுத்து சாவியைத் திருப்பி மற்ற ஃபியூஸ்களையும் இதேபோல் சோதிக்கலாம். இப்போது காயிலும் அளவுமானிகளும் இழுப்பதால் பல்பு ஓரளவு எரியத்தான் செய்யும், முழுப் பிரகாசம்தான் அபாயக் குறி. இந்த நிலையில் எஞ்சினை ஸ்டார்ட் செய்ய முயல வேண்டாம்.

இதைத் தாண்டிய பின் பல்பை நீக்கி கேபிளை நேரடியாக இணைத்து, வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கருவியையும் இயக்கிப் பாருங்கள். முதலில் செய்த வோல்ட் இழப்புச் சோதனையை மறுபடி செய்தால், 0.1 வோல்ட்டை ஒட்டியே காட்ட வேண்டும். எஞ்சினை ஓடவிட்டு ஹெட்லைட்டையும் வைப்பரையும் இருபது நிமிடம் போட்டுவைத்து, டெர்மினல்களை ஒவ்வொன்றாக விரலால் தொடுங்கள். இளஞ்சூடு பரவாயில்லை, விரல் வைக்க முடியாமல் சுட்டால் அந்தக் கிரிம்பை வெட்டிவிட்டு மறுபடி செய்ய வேண்டும். சாவியை எடுத்ததும் எஞ்சின் நிற்கிறதா என்று நான் இப்போதெல்லாம் இரண்டு முறை பார்க்கிறேன்.

கடைசியாக, எல்லாம் அணைந்த நிலையில் எர்த் கேபிளுக்கு நடுவே மல்டிமீட்டரை ஆம்பியர் அளவில் வைத்துப் பார்த்தால், எலக்ட்ரானிக் பாகங்கள் இல்லாத காரில் ஏறத்தாழ பூஜ்யமும், கடிகாரமும் ரேடியோவும் உள்ள காரில் 50 மில்லி ஆம்பியருக்குக் குறைவாகவும் காட்ட வேண்டும். ஃபியூஸ் எண், ஆம்பியர், அது ஓட்டும் கருவி ஆகிய மூன்றையும் சிறு அட்டையில் எழுதி மூடியின் உட்புறம் ஒட்டி, ஒவ்வொரு நிறத்திலும் இரண்டு ஃபியூஸ்களை அதன் அருகே செருகி வையுங்கள். திருகு டெர்மினல்கள் உள்ள பெட்டியாக இருந்தால் சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு, எர்த் கேபிளைக் கழற்றிவிட்டு, எல்லாத் திருகுகளையும் ஒருமுறை இறுக்கிப் பார்க்க வேண்டும். புதிய செம்பு அழுத்தத்தில் சற்று அமர்ந்திருக்கும் என்பதால் ஒன்றிரண்டு கால் சுற்றாவது திரும்பும்.